குட்மன் சாபம்: எட்டுத் தோல்விகளின் கதையும் கணக்கும்

போர்ச்சுகலின் பென்ஃபிகா கால்பந்து அணி ஐரோப்பியப் போட்டி எதிலாவது சில சுற்றுகள் தாண்டினால் போதும், ‘குட்மன் சாபம்’ என்ற தலைப்பு விளையாட்டுப் பக்கங்களுக்கு வந்துவிடும். 1962-ல் பேலா குட்மன் என்ற ஹங்கேரியப் பயிற்சியாளர் சம்பளத் தகராறில் கோபித்துக்கொண்டு கிளம்பினார், ‘இன்னும் நூறு வருஷத்துக்கு உங்களுக்கு ஐரோப்பியக் கோப்பை கிடையாது’ என்று சொல்லிவிட்டுப் போனார், அன்று முதல் எட்டு ஐரோப்பிய இறுதிகளில் பென்ஃபிகா தோற்றிருக்கிறது. செய்திகள் தருவது இவ்வளவுதான்.

எட்டுத் தோல்வியும் உண்மை. மனக்கசப்போடு போனதும் உண்மை. இந்த இரண்டையும் முடிச்சுப் போடும் இடத்தில்தான் வாசகர் குழம்புகிறார். பேலா குட்மனைக் கரிநாக்குக்காரர் ஆக்கிவிட்டதில் அவருடைய தொழில்முறை மறைந்துபோனது. அவர் எங்கே போனாலும் ஏன் ஜெயித்தார், ஏன் எங்குமே நிலைக்கவில்லை என்பதற்கு அந்தத் தொழில்முறையில்தான் விடை இருக்கிறது.

சாபத்தின் வாசகம் எது?

புழக்கத்தில் இருக்கும் வடிவங்கள் மூன்று.

1. நூறு ஆண்டுகளுக்கு பென்ஃபிகா ஐரோப்பிய சாம்பியன் ஆகாது. இப்படி வைத்துக்கொண்டால் கெடு 2062-ல் முடியும்.
2. நான் இல்லாமல் பென்ஃபிகா ஐரோப்பியக் கோப்பையை வெல்லாது.
3. எந்தப் போர்ச்சுகீசிய அணியும் தொடர்ந்து இரண்டு முறை ஐரோப்பிய சாம்பியன் ஆகாது.

மூன்றும் ஒரே ஆள் ஒரே நேரத்தில் சொன்னதாகவே எழுதப்படுகின்றன. ‘ஐரோப்பியக் கோப்பை’ என்பது இன்றைய சாம்பியன்ஸ் லீகின் பழைய பெயர். யுஇஎஃப்ஏ கோப்பை வேறு போட்டி, அதற்கு இப்போது யூரோப்பா லீக் என்று பெயர். எட்டு தோல்விகளில் மூன்று இந்த இரண்டாம் நிலைப் போட்டியில் வந்தவை. சாபத்தின் வாசகத்தை எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொண்டால் அந்த மூன்றும் கணக்கிலேயே சேராது. வசதிக்கேற்ப எல்லை விரிவது இத்தகைய கதைகளின் இயல்பு.

ஆட்டக்காரர் குட்மன்

1899-ல் புடாபெஸ்டில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர். பெற்றோர் நடன ஆசிரியர்கள், அவரும் பதின்ம வயதிலேயே நடனம் சொல்லிக்கொடுக்கத் தகுதி பெற்றார். பந்தாட்டத்தில் அவருக்கு ‘சென்டர் ஹாஃப்’ இடம். இன்று அந்தப் பெயரைக் கேட்டால் தடுப்பாட்டக்காரர் என்று தோன்றும். அன்றைய 2-3-5 அமைப்பில் பின்னால் இருவர், நடுவில் மூவர், முன்னால் ஐவர். நடு மூவரில் மையத்தில் நிற்பவர்தான் சென்டர் ஹாஃப். எதிராளியின் தாக்குதலை முறிப்பதும், பந்தை எடுத்து அடுத்த தாக்குதலைத் தொடங்குவதும் அவர் பொறுப்பு. மைதானம் முழுவதும் கண்ணில் படும் இடம் அது. அந்த இடத்தில் ஆடியவர்கள் பின்னாளில் பயிற்சியாளர்களாக வந்ததில் வியப்பில்லை.

புடாபெஸ்டின் எம்டிகே அணியில் இரண்டு ஹங்கேரிய லீக் பட்டங்கள். ஆங்கிலேயரான ஜிம்மி ஹோகன் அங்கே ஊன்றிவிட்டுப் போன குறும்பாஸ் ஆட்டம் அப்போது உயிரோடு இருந்தது. ஹங்கேரியில் ஹோர்த்தியின் ஆட்சியில் யூத வெறுப்பு பெருகியதும் 1922-ல் வியன்னாவின் யூத அணியான ஹகோவாவுக்குப் போனார். 1924–25-ல் ஹகோவா ஆஸ்திரிய சாம்பியன்.

இதற்கு நடுவே 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஹங்கேரிக்காக ஆடினார். வீரர்களைவிட அதிகாரிகள் அதிகம், தங்குமிடத்தில் தூங்க முடியாத இரைச்சல். குட்மன் செத்த எலிகளைக் கட்டி அதிகாரிகளின் அறைக் கதவுகளில் தொங்கவிட்டார் என்று சொல்வார்கள். அணி எகிப்திடம் 0–3 என்று தோற்றது. நிர்வாகத்தோடு அவருக்கு இருந்த உறவின் முதல் மாதிரி இது.

1926-ல் ஹகோவா அமெரிக்கா போனபோது நியூயார்க் போலோ கிரவுண்ட்ஸில் ஓர் ஆட்டத்துக்கு 46,000 பேர் திரண்டார்கள். குட்மன் உட்படப் பலர் அங்கேயே தங்கி ஆடினார்கள். நன்றாகச் சம்பாதித்தார், 1929 பங்குச்சந்தைச் சரிவில் பெரும்பகுதியை இழந்தார். பிற்காலத்தில் ஒப்பந்தத்தின் ஒவ்வொரு வரிக்கும் மல்லுக்கு நின்றவரை வெறும் பேராசைக்காரர் என்று முடித்துவிடுகிறவர்கள் இந்த வருடத்தைக் கவனிப்பதில்லை. 1944-ஐயும்தான். அந்த ஆண்டு அவர் புடாபெஸ்ட் அருகே ஒரு பரணில் ஒளிந்திருந்தார், பிறகு கட்டாய உழைப்பு முகாமில் அடைக்கப்பட்டார். பின்னாளில் டொரினோவின் மாபெரும் அணியை உருவாக்கிய எர்னோ எர்ப்ஸ்டைனும் அதே முகாமில் இருந்தார். ஆண்டு இறுதியில் இருவரும் தப்பினார்கள். குட்மனின் தந்தையும் சகோதரியும் உறவினர் பலரும் நாஜிகளின் கைகளில் மாண்டார்கள். போருக்குப் பின் ருமேனியாவின் சியோக்கனுல் அணியில் சேர்ந்தபோது, பணத்துக்கு மதிப்பில்லாத அந்த நாளில், சம்பளத்தைக் காய்கறியாகக் கேட்டு வாங்கினார்.

வருவதும் போவதும்

பயிற்சியாளராக அவருடைய முதல் பெரிய வெற்றி உய்பெஷ்ட் அணியோடு வந்தது: 1939-ல் ஹங்கேரிய லீகும், மத்திய ஐரோப்பிய அணிகளின் மிட்ரோப்பா கோப்பையும். போருக்குப் பின் 1947-ல் அதே அணியோடு மறுபடி லீக். அதன் பிறகு அவர் பட்டியலைப் பார்த்தால் பேருந்து நிலைய அறிவிப்புப் பலகை மாதிரி இருக்கும்: கிஷ்பெஷ்ட், பதோவா, திரியெஸ்தினா, அர்ஜென்டினாவின் கில்மெஸ், சைப்ரஸின் அப்போயல், ஏசி மிலான், விசென்சா, பிரேசிலின் சாவோ பாவ்லோ, போர்ட்டோ, பென்ஃபிகா, உருகுவேயின் பெனரோல்.

இந்த ஓட்டத்தில் இரண்டு பிரிவுகள் முக்கியம்.

1. கிஷ்பெஷ்ட், 1948. ஜோர் அணியோடு நடந்த ஆட்டத்தில், முரட்டுத்தனமாக ஆடிய மிஹாய் பட்டி என்ற பின்களவீரரை இடைவேளைக்குப் பிறகு ஆட வேண்டாம் என்றார் குட்மன். மாற்று ஆட்டக்காரர் வசதி இல்லாத காலம், பத்துப் பேரோடு ஆட வேண்டியிருக்கும். அணியின் இளம் நட்சத்திரம் புஷ்காஷ் அதை மறுத்து, பட்டியைத் தொடரச் சொன்னார். குட்மன் பார்வையாளர் பகுதிக்குப் போய் உட்கார்ந்து குதிரைப் பந்தயத் தாளைப் படித்தார். ஆட்டம் முடிந்ததும் டிராம் ஏறிப் போனவர் திரும்பவே இல்லை.

2. மிலான், 1955 பிப்ரவரி. லீகில் அணி முதலிடத்தில் இருக்கும்போதே நிர்வாகம் அவரை நீக்கியது. அந்தப் பருவத்தின் பட்டத்தை மிலான் வென்றது, ஆனால் அவர் அங்கே இல்லை. அதற்குப் பின் தன் ஒப்பந்தங்களில் ஒரு விதியை எழுதச் சொன்னார்: அணி முதலிடத்தில் இருக்கும்வரை பயிற்சியாளரை நீக்க முடியாது.

சாபக் கதையில் வரும் ‘கோபித்துக்கொண்டு கிளம்புவது’ 1962-ல் திடீரென்று நடந்த விபரீதம் அல்ல என்பது இங்கேயே தெரிகிறது. அது அவருடைய வழக்கம். அதற்கு அவரிடம் ஒரு கொள்கையும் இருந்தது: மூன்றாம் பருவம் ஆபத்து. முதல் ஆண்டில் வீரர்கள் பயத்தோடு கேட்பார்கள், இரண்டாம் ஆண்டில் நம்பிக்கையோடு ஆடுவார்கள், மூன்றாம் ஆண்டில் பயிற்சியாளர் என்ன சொல்லப்போகிறார் என்பது அவர் வாய் திறக்கும் முன்பே தெரிந்துபோகும். எதிரணிகளும் அதற்குள் மாற்று வழி கண்டிருப்பார்கள். இன்றும் பயிற்சியாளர்களைப் பற்றிய பேச்சில் இந்த மூன்றாம் பருவ வாதம் அடிபடுகிறது.

4-2-4: எவ்வளவு அவருடையது?

1956 ஹங்கேரிய எழுச்சி நசுக்கப்பட்டபோது புடாபெஸ்டின் ஹொன்வேத் அணி வெளிநாட்டில் இருந்தது. 1957 தொடக்கத்தில் அந்த அணியோடு பிரேசில் சென்ற குட்மன் அங்கேயே சாவோ பாவ்லோ அணியின் பொறுப்பை ஏற்றார். பிரேசிலின் மூத்த நட்சத்திரம், 36 வயது சிசின்யோவை நடுவில் வைத்து, அந்த ஆண்டின் சாவோ பாவ்லோ மாநிலப் பட்டத்தை வென்றார்.

அவர்தான் 4-2-4 அமைப்பைப் பிரேசிலுக்குக் கொண்டுபோனார், அதனால்தான் 1958 உலகக் கோப்பை பிரேசிலுக்கு வந்தது என்று எழுதுவது மிகை. மார்ட்டிம் பிரான்சிஸ்கோ, பிளெய்டாஸ் சோலிச் போன்றவர்கள் அங்கே அதை முன்பே முயன்றிருந்தார்கள். குட்மன் அதைப் பட்டம் வெல்லும் அளவுக்கு ஓட்டிக் காட்டினார், அதே அணியில் பணியாற்றிய விசென்டே ஃபியோலா அடுத்த ஆண்டு பிரேசிலின் பயிற்சியாளர் ஆனார். தொடர்பு இந்த அளவுக்குத்தான்.

அமைப்பு வேலை செய்யும் விதம்:

1. பின்னால் நால்வர். பழைய டபிள்யூ-எம் அமைப்பில் மூவர்தான் இருப்பார்கள். நான்காமவர் சேர்ந்ததும் பக்கவாட்டு வீரர் முன்னேறினாலும் மையம் திறந்து கிடக்காது.
2. முன்னால் நால்வர். எதிரணியில் மூன்று பின்களவீரர்கள் இருந்தால் ஒருவரைக் கவனிக்க ஆளே இருக்காது.
3. நடுவில் இருவர் மட்டும். பலவீனம் இதுதான். தாக்கும்போது முன்னால் உள்ளவர்களோடு சேர்ந்து ஆறு பேர், தடுக்கும்போது பின்னால் உள்ளவர்களோடு சேர்ந்து ஆறு பேர் என்று காகிதத்தில் அழகாக இருக்கும். அந்த இருவரில் ஒருவர் களைத்தாலும் நடுக்களம் எதிராளிக்குப் போய்விடும். அதனால்தான் 1958 பிரேசிலில் இடது ஓர வீரரான சகாலோ பாதி நேரம் நடுக்களத்தில் ஓடினார்.

இந்த ஓட்டையைக் குட்மன் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை. எதிராளி எத்தனை அடித்தாலும் நாம் ஒன்று கூட அடிப்போம் என்பது அவர் வழி. பென்ஃபிகாவோடு வென்ற இரண்டு ஐரோப்பிய இறுதிகளையும் சேர்த்தால் அடித்தது 8, வாங்கியது 5.

லிஸ்பனில் மூன்று பருவங்கள்

பென்ஃபிகாவுக்கு வரும் முன் 1958–59 பட்டத்தைப் போர்ட்டோவுக்கு வென்று கொடுத்தார். பென்ஃபிகாவும் போர்ட்டோவும் சம புள்ளி, கோல் வித்தியாசத்தில் ஒரே ஒரு கோல் முன்னே போர்ட்டோ. கடைசி நாளில் பென்ஃபிகா 7–1 என்று வென்ற ஆட்டத்தை நடுவர் கலபோட்டே நீட்டித்தார் என்ற சர்ச்சை போர்ச்சுகலில் இன்றும் ஓயவில்லை. அப்படி ஜெயித்த கையோடு தோற்ற அணிக்கே போய்ச் சேர்ந்தார்!

வந்ததும் மூத்த வீரர்கள் ஏறத்தாழ இருபது பேரை வெளியேற்றினார், இளைஞர்களை ஏற்றினார். 1959–60, 1960–61 இரண்டு லீகும் பென்ஃபிகாவுக்கு. சாவோ பாவ்லோவில் ஒருகாலத்தில் ஆடிய ஜோசே கார்லோஸ் பவர், லிஸ்பனில் ஒரு முடிதிருத்தகத்தில் சந்தித்தபோது, மொசாம்பிக்கில் தான் பார்த்த ஒரு பையனைப் பற்றிச் சொன்னார். அந்தப் பையன்தான் பின்னாளில் பென்ஃபிகாவின் பெரும் நட்சத்திரமான யூசேபியோ. போட்டி அணியான ஸ்போர்ட்டிங்கின் கிளையில் ஆடிக்கொண்டிருந்தவரை 1960 டிசம்பரில் பென்ஃபிகா லிஸ்பனுக்கு அழைத்து வந்து, ஸ்போர்ட்டிங்கின் கண்ணில் படாமல் கொஞ்சகாலம் அல்கார்வே பக்கம் தங்கவைத்தது.

1961 இறுதி, பெர்ன் நகரம், எதிரணி பார்சிலோனா. 3–2. யூசேபியோ இன்னும் இந்த அணியில் இல்லை. பார்சிலோனாவின் உதைகள் திரும்பத் திரும்பக் கம்பத்தில் பட்டுத் திரும்பின. வாங்க்டார்ஃப் மைதானத்தின் கோல் கம்பங்கள் அப்போது சதுர வடிவம். பென்ஃபிகாவின் ஒரு கோல் எதிரணி கோல்கீப்பர் ரமாலெட்ஸின் கணக்கிலேயே எழுதப்பட்டது. சாபத்தை நம்புகிறவர்கள் இந்த ஆட்டத்தையும் ஒருமுறை திரும்பிப் பார்ப்பது நல்லது. அதிர்ஷ்டம் அன்று முழுக்கக் குட்மன் பக்கம் உட்கார்ந்திருந்தது.

1962 இறுதி, ஆம்ஸ்டர்டாம், எதிரணி ரியல் மாட்ரிட். கிஷ்பெஷ்டில் குட்மனை மறுத்த அதே புஷ்காஷ், இப்போது மாட்ரிட்டுக்காக, முதல் பாதியிலேயே மூன்று அடித்தார், இடைவேளையில் 3–2 மாட்ரிட். டி ஸ்டெஃபானோவிடமிருந்துதான் புஷ்காஷுக்குப் பந்து போகிறது என்று கண்டு, டி ஸ்டெஃபானோவை ஒட்டியே நிற்கத் தன் வீரர் கவேமை அனுப்பினார் குட்மன். வாய்க்கால் அடைபட்டது. கொலூனா சமன் செய்தார், யூசேபியோ இரண்டு அடித்தார். 5–3.

அதே பருவத்தில் லீகில் பென்ஃபிகா மூன்றாவது இடம். குட்மன் கூடுதல் பணம் கேட்டார், நிர்வாகம் மறுத்தது என்பதுதான் பொதுவாகச் சொல்லப்படும் காரணம். உள்நாட்டுப் பட்டம் கையில் இல்லாத பயிற்சியாளரிடம் நிர்வாகம் பேரம் பேசியது என்பதையும், மூன்று பருவம் முடிந்துவிட்டது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். அவர் பெனரோலுக்குப் போனார்.

எட்டு இறுதிகளில் என்ன நடந்தது?

1. 1963, மிலான், 1–2. யூசேபியோ முதலில் அடித்தார். கேப்டன் கொலூனா எதிராளியின் மோதலில் காயப்பட்டு நொண்டினார். மாற்று ஆட்டக்காரர் விதி இல்லாததால் அப்படியே தொடர வேண்டியதாயிற்று. அல்தாஃபினி இரண்டு அடித்தார்.
2. 1965, இன்டர், 0–1. நடந்த இடம் சான் சிரோ, அதாவது இன்டரின் சொந்த மைதானம். மழை. ஜயரின் உதை கோல்கீப்பர் கோஸ்டா பெரேராவின் கையில் நழுவி உள்ளே போனது. இரண்டாம் பாதியில் அவரே காயப்பட்டு வெளியேற, பின்களவீரர் ஜெர்மானோ கோலில் நின்றார். பத்துப் பேர்.
3. 1968, மான்செஸ்டர் யுனைடெட், 1–4. இடம் லண்டன் வெம்ப்ளி. 90 நிமிடம் முடியும்போது 1–1. கடைசி நேரத்தில் யூசேபியோ தனியாகப் போய் உதைத்ததை எதிரணி கோல்கீப்பர் ஸ்டெப்னி பிடித்தார். கூடுதல் நேரத்தின் முதல் பாதியில் மூன்று கோல்.
4. 1983, ஆண்டர்லெக்ட், யுஇஎஃப்ஏ கோப்பை, இரண்டு ஆட்டங்களில் சேர்த்து 1–2.
5. 1988, பிஎஸ்வி, 0–0, பெனால்டியில் 5–6. வெலோசோவின் உதை தடுக்கப்பட்டது.
6. 1990, மிலான், 0–1, கோல் அடித்தவர் ரைகார்ட். நடந்த ஊர் வியன்னா, குட்மன் அடக்கமான நகரம். ஆட்டத்துக்கு முன் யூசேபியோ அவர் கல்லறைக்குப் போய் வேண்டிக்கொண்டார்.
7. 2013, செல்சி, யூரோப்பா லீக், 1–2. இவானோவிச்சின் தலைமுட்டு, 93-ஆம் நிமிடம்.
8. 2014, செவியா, யூரோப்பா லீக், 0–0, பெனால்டியில் 2–4. என்சோ பெரெஸ், சால்வியோ, மார்கோவிச் மூவரும் தடையால் ஆடவில்லை.

1960-களின் மூன்று தோல்விகளில் இரண்டு மாற்று ஆட்டக்காரர் விதி இல்லாததன் விலை. இரண்டு எதிராளியின் நாட்டிலேயே நடந்தவை. 1990-ல் எதிரே நின்றது அந்தக் காலத்தின் ஆகச் சிறந்த அணி. ஒவ்வொன்றுக்கும் அதனதன் காரணம் அருகிலேயே கிடக்கிறது.

எட்டுமே தோற்பது எவ்வளவு அரிது?

ஒவ்வொரு இறுதியும் பாதிக்குப் பாதி என்று வைத்தால் எட்டிலும் தோற்க வாய்ப்பு 256-ல் 1. எதிரணிகளின் பலத்தையும் மைதானங்களையும் பார்த்து பென்ஃபிகாவின் வெற்றி வாய்ப்பை 40 விழுக்காடு என்று கொண்டால் 0.6-ஐ எட்டுமுறை பெருக்க வேண்டும். விடை 1.7 விழுக்காடு, ஏறக்குறைய 60-ல் 1. அரிதுதான், நடக்காததல்ல. ஐரோப்பாவில் இறுதிவரை போகும் அணிகள் பல இருக்கும்போது ஏதோ ஒன்றுக்கு இப்படி ஆவதை எதிர்பார்க்கவே வேண்டும்.

ஐரோப்பியக் கோப்பையை மட்டும் எடுத்தால் பென்ஃபிகா தொடர்ந்து தோற்ற இறுதிகள் ஐந்து. யுவென்டஸும் 1997, 1998, 2003, 2015, 2017 என்று தொடர்ந்து ஐந்து இறுதிகளில் தோற்றிருக்கிறது. அங்கே கோபித்துக்கொண்டு போன ஹங்கேரியர் யாரும் இல்லை.

சாபத்துக்கு ஒத்துவராத தேதிகள்

மூன்றாம் வடிவம், ‘தொடர்ந்து இருமுறை’ என்பது, எந்த நாட்டு அணிக்கும் கடினமான சாதனை. போர்ட்டோ 1987-லும் 2004-லும் ஐரோப்பிய சாம்பியன் ஆனது. முதலாவது வெற்றி வந்த இடம் வியன்னாவின் பிராட்டர் மைதானம், மூன்று ஆண்டு கழித்து பென்ஃபிகா தோற்ற அதே மைதானம். இளைஞர்களுக்கான யுஇஎஃப்ஏ யூத் லீகில் மூன்று இறுதிகளைத் தோற்ற பென்ஃபிகா 2022-ல் சால்ஸ்பர்கை 6–0 என்று வென்றது. தோற்றபோது அதையும் சாபக் கணக்கில் எழுதியவர்கள், வென்றபோது அது வேறு போட்டி என்றார்கள்.

இரண்டாம் வடிவத்தை, ‘நான் இல்லாமல்’ என்பதை, முறிக்கும் தேதி செய்திகளில் பெரும்பாலும் வருவதே இல்லை. 1965-ல் பென்ஃபிகா குட்மனையே மறுபடி அழைத்தது, அவரும் வந்தார். சபித்தவரே திரும்பி வந்து பெஞ்சில் உட்கார்ந்த அந்தப் பருவத்தில் ஐரோப்பியக் கோப்பைக் காலிறுதியில் மான்செஸ்டர் யுனைடெட் வந்தது. அங்கே 2–3. லிஸ்பனில், ஜார்ஜ் பெஸ்ட் ஆடிய ஆட்டத்தில், 1–5. லீகில் இரண்டாம் இடம்.

1959–60 முதல் 1968–69 வரை பத்துப் பருவங்களில் பென்ஃபிகா எட்டு முறை போர்ச்சுகல் சாம்பியன். தவறிய இரண்டு பருவங்கள் 1961–62, 1965–66. ஒன்று குட்மனின் மூன்றாம் பருவம், மற்றது அவர் திரும்பி வந்த பருவம். அவர் போன கையோடு 1963, 1964, 1965 என்று மூன்று லீகை அந்த அணி தொடர்ந்து வென்றது. 1962-க்குப் பிறகு ஐரோப்பியக் கோப்பை பென்ஃபிகாவுக்கும் வரவில்லை, குட்மனுக்கும் வரவில்லை. ஆஸ்திரிய தேசிய அணி, ஜெனீவாவின் செர்வெட், பனதினாய்கோஸ், கடைசியாக 1973–74-ல் மறுபடி போர்ட்டோ என்று சுற்றியவர் 1981 ஆகஸ்டில் வியன்னாவில் இறந்தார். 2014 பிப்ரவரியில், இரண்டு கைகளிலும் இரண்டு கோப்பைகளோடு நிற்கும் அவருடைய சிலையை பென்ஃபிகா தன் மைதானத்தில் வைத்தது. மே மாதம் செவியாவிடம் தோற்றது.